அந்த ஒரு நிமிடம் அவளுடையது

வீட்டில் அவளுக்கு அணில் என்று பெயர். வயது பதினாறு. தன் எடையைவிடக் கூடுதலான இரும்பைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்துகிறவளுக்கு யார் அப்படிப் பெயர் வைத்தார்களோ, அண்ணி அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வருவதற்கு முன்பே அது ஒட்டிக்கொண்டிருந்தது.

பயிற்சிக் கூடத்தில் அணிலை மிஞ்ச ஆள் கிடையாது. போட்டி என்று வந்தால்தான் வினை. போன முறை கை உதறி, மூச்சு முட்டி, மூன்று வாய்ப்பையும் கோட்டைவிட்டாள். எல்லோர் முன்னாலும் பயிற்சியாளர் அவளைக் கோழை என்றார். அண்ணியின் மாமனார், அதாவது அணிலின் அப்பா, வீடு திரும்பியதும் அதையே திருப்பிச் சொன்னார். படிக்கிற வேலையைப் பார்க்கட்டும் என்று அண்ணன் ஒரே வரியில் முடித்துக்கொண்டான்.

அண்ணிக்கு மனசு ஆறவில்லை. நகரப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். பயப்படாதே என்று சொல்லிப் பார்த்தாள். அப்படிச் சொன்னாலே பயம் ஞாபகம் வருகிறது என்று அணில் எரிந்து விழுந்தாள். மூச்சை எண்ணச் சொன்னாள். எண்ணிக்கை தப்பியதுதான் மிச்சம். கடைசியில் ஒரு நாள், பாத்திரம் துலக்கிக்கொண்டே, அங்கே என்னதான் நடக்கிறது என்று சும்மா கேட்டாள்.

பெயரைக் கூப்பிட்டதும் சார் முதுகில் ஓங்கி ஒன்று வைத்துக் கத்துவாராம். அப்பா இருக்கையிலிருந்து கத்துவாராம்.

“எடையத் தூக்கணும்னு போறதில்ல அண்ணி. அந்தச் சத்தம் நின்னா போதும்னு ஓடிப்போய் கம்பியப் பிடிச்சிடறேன்.”

தூக்கத் தொடங்க ஒரு நிமிடம் அவகாசம் உண்டு என்பதையும் அணிலே சொன்னாள். அதில் கால்வாசியைக்கூட அவள் எடுத்துக்கொண்டதில்லை.

அன்றிலிருந்து மொட்டை மாடியில் கூத்து. அணில் துடைப்பக்கட்டையின் முன்னால் நிற்பாள். அண்ணி தட்டைத் தட்டிக்கொண்டு, மாமனார் குரலிலும் சார் குரலிலும் மாறி மாறிக் கத்துவாள். நிமிடம் முடியப்போகிற வரை அணில் கட்டையைத் தொடக்கூடாது. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு நிற்கப் பழகினாள். உதறல் மட்டும் விடவில்லை.

“உதறட்டும். உன் கைதானே, உதறிட்டுப் போகட்டும்” என்றாள் அண்ணி.

போட்டிக்குக் கிளம்பும்போது மாமனாரிடம் நேராகவே சொன்னாள்: “கத்தாம இருக்க முடியும்னா வாங்க மாமா. முடியாதுன்னா வீட்லயே இருங்க.” அந்த வீட்டில் அவரிடம் அப்படி யாரும் பேசியதில்லை. அவர் முகம் கறுத்தது. ஆனாலும் வந்தார். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்.

அணிலின் பெயரைக் கூப்பிட்டார்கள். பயிற்சியாளர் கையை ஓங்கினார்.

“தொடாதீங்க சார்” என்றாள் அணில். குரல் நடுங்கியது, ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

மேடையில் ஏறி நின்றாள். கை வெளிப்படையாக உதறியது. அவள் அதை மறைக்கவில்லை. கூட்டம் முணுமுணுத்தது, யாரோ சிரித்தார்கள், பயிற்சியாளர் தூக்கு தூக்கு என்று தொண்டை கிழியக் கத்தினார். கடிகாரத்தில் சில நொடிகளே மிச்சம் இருந்தபோதுதான் குனிந்தாள். தூக்கினாள், கம்பி பின்னால் சரிந்து விழுந்தது.

இரண்டாம் முறையும் அதே நிதானம். இந்தத் தடவை கம்பி மேலே போய், அங்கேயே நின்றது. கடைசி வரிசையில் மாமனார் எழுந்துவிட்டார். வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார். எடையைக் கூட்டி முயன்ற மூன்றாவது கிட்டவில்லை.

நாலாம் இடம். பதக்கம் இல்லை.

“நாலாவதுதானே? இதுக்கா இந்த வீராப்பு?” என்றார் பயிற்சியாளர்.

“ஆமா சார். நாளைக்கும் பயிற்சிக்கு வருவேன். நீங்க கத்தினா வெளிய நின்னுட்டு, முடிச்சதும் உள்ள வருவேன்.”

அதற்குள் அடுத்த எடைப் பிரிவின் முதல் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர்கள் கூடத்துப் பெண்தான், அணிலுக்கும் இளையவள். முகம் வெளுத்து, இப்போதுதான் வாந்தி எடுத்துவிட்டு வந்திருந்தாள். பழக்க தோஷம், பயிற்சியாளரின் கை அவள் முதுகை நோக்கி உயர்ந்தது. அணில் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

“அவளக் கேட்டுட்டு அடிங்க சார்.”

அந்தப் பெண் அண்ணாந்து இருவரையும் பார்த்தாள். பிறகு, மெதுவாக, வேண்டாம் என்று தலையசைத்தாள். பயிற்சியாளர் கையை இறக்கினார். அவள் யாருடைய அடியும் இல்லாமல், சாவகாசமாக, தானே மேடைக்கு நடந்து போனாள்.