பெட்டிக்கு ஆறு காசு

மூன்று மணிக்கு வருகிறேன் என்று சாந்தினி குரல்பதிவு அனுப்பியிருந்தாள். காலை ஒன்பது மணியிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூட்டிய கூடத்தையே மறுபடி கூட்டினேன். அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு வாசலில் போய் நின்றேன். பருப்பு பொங்கி வழிந்து அடுப்பையே அணைத்துவிட்டது. சனிக்கிழமை என்று லாரிக்குப் போகாமல் வீட்டில் இருந்த என் வீட்டுக்காரர் ஜூலியஸ், "ஒனக்கு என்னா வந்திச்சு இன்னைக்கு?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று எரிந்து விழுந்தேன். அவர் மோட்டார் சைக்கிளைக் கழுவப் போய்விட்டார்.

அந்தக் குரல்பதிவை ஏழு தடவையாவது கேட்டிருப்பேன். "எவலின் ஆன்ட்டி, ஒங்க ஆன்லைன் கடைல பெட்டிக்கு ஒரு வெள்ளி வரி ஏறிடுச்சுன்னு அத்தை சொன்னாங்க. கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கே ஆன்ட்டி, அந்தக் கம்பெனிக்காரங்க தப்பா பிடிக்கிறாங்களோ என்னமோ. நான் வந்து ஒங்க ஸ்டேட்மெண்ட்ட பாத்துட்டுச் சொல்றேன்லா."

சாந்தினி, எனக்குச் சரக்கு கொடுக்கிற பாப்பம்மா அக்காவின் அண்ணன் மகள். சுங்கை பட்டாணியில் கணக்காய்வு அலுவலகம் ஒன்றில் வேலை. நல்ல பிள்ளை. அந்த நல்லதனம்தான் எனக்குப் பயம். சண்டைக்கு வந்திருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். உதவி செய்ய வருகிறவளை என்ன சொல்லித் துரத்துவது?

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் வரட்டி விற்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். கையுறைத் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு செய்தபோது என்னையும் அனுப்பிவிட்டார்கள். எங்கள் ஊர் சிடாம் கிரியில் உட்கார்ந்துகொண்டு எதை விற்பது என்று யோசித்தபோது பாப்பம்மா அக்காவின் மாட்டுக் கொட்டகைதான் கண்ணில் பட்டது. கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் பதினெட்டாவது மாடியில் குடியிருக்கிறவர்கள் ஹோமம் வளர்க்க வரட்டிக்கு எங்கே போவார்கள்? இருபது வரட்டி ஒரு பெட்டி. விலை இருபது மலேசிய வெள்ளி, அனுப்புகிற செலவு தனி. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள் சாணி விற்கிறாள் என்று மாதா கோயிலில் சிலர் கேலி பேசினார்கள். வாங்குகிறவர்களுக்குப் பிரச்சினை இல்லை, ஆண்டவருக்கும் பிரச்சினை இருக்காது, உங்களுக்கு என்ன என்று கேட்டு வாயை அடைத்தேன்.

மாடுகள் பாப்பம்மா அக்காவுடையவை, ஆறு உருப்படி. சாணியைப் பிசைந்து, தட்டி, காயவைத்து எடுப்பது ராக்காயி அக்கா. எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் உரம் போட்டுக் களையெடுத்து இடுப்பு போனவர். புருஷனும் இல்லை. இன்னும் பட்டன் போன்தான் வைத்திருக்கிறார். பெட்டிக்கு நான் பாப்பம்மா அக்காவிடம் எட்டு வெள்ளி கொடுத்துவந்தேன். அதிலிருந்து அவர் ராக்காயி அக்காவுக்குக் கூலி கொடுப்பார். எவ்வளவு என்று நான் கேட்டதில்லை. அது அவர்கள் பாடு.

போன வருஷம் மார்ச் மாதம் சேவை வரி ஆறு விழுக்காட்டிலிருந்து எட்டானது. நான் கடை போட்டிருக்கிற செயலியில் அறிவிப்பு வந்தது. அதற்கு முன்னால் அப்படி ஒரு வரி பிடிக்கிறார்கள் என்பதையே நான் கவனித்ததில்லை. எட்டு விழுக்காடு என்றால் இருபது வெள்ளிக்கு ஒரு வெள்ளி அறுபது காசு என்று மனக்கணக்குப் போட்டேன், பழைய ஆறைக் கழிக்கத் தோன்றவில்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. அன்றைக்கே கொட்டகைக்குப் போனேன்.

"அக்கா, சுக்காய் ஏறிடுச்சு," என்றேன். வரி என்று தமிழில் சொன்னால் பாப்பம்மா அக்கா எந்த வரி என்று நூறு கேள்வி கேட்பார். சுக்காய் என்று மலாயில் சொன்னால் உடனே புரிந்துவிடும். "பெட்டிக்கு ஒன்னு அறுபது போவுது. அறுபது காச நான் பாத்துக்கறேன். ஒரு வெள்ளிய நீங்க விட்டுக் குடுங்க."

ஏதோ நான் பெரிய மனசு பண்ணுவதுபோலச் சொன்னேன். அக்கா யோசிக்கக்கூட இல்லை.

"நீ சொன்னா சரிதான் எவலினு. நீ என்னா பொய்யா சொல்லப் போற," என்றார்.

அன்றைக்கு நான் பொய் சொல்லவில்லை. தெரியாமல் சொன்னேன். அதை எந்தச் சுரூபத்துக்கு முன்னால் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பெட்டி நொறுங்கித் திரும்பி வந்தது. அந்தப் பணத்தில் எவ்வளவு பிடித்தார்கள் என்று பார்க்க, முதல் முறையாக வருமான அறிக்கையை முழுதாகத் திறந்து படித்தேன். தரகு, பரிவர்த்தனைக் கட்டணம், இலவச அனுப்புதல் திட்டத்துக்குக் கட்டணம் எல்லாம் சேர்த்துப் பெட்டிக்கு மூன்று வெள்ளி. அதற்குக் கீழே சேவை வரி, இருபத்து நாலு காசு. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். அந்த வரி என் வரட்டிக்கு இல்லை. கடை போட இடம் கொடுக்கிற கம்பெனி என்னிடம் வாங்குகிற கட்டணத்துக்குத்தான். மூன்று வெள்ளிக்கு முன்பு பதினெட்டு காசு, இப்போது இருபத்து நாலு. ஏறியது ஆறு காசு. நான் அக்காவிடம் வெட்டியது நூறு காசு.

உடனே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாளைக்கு என்று நினைத்தேன், அப்புறம் அடுத்த வாரம் என்று நினைத்தேன். அதற்குள் முகவரி ஒட்டுத்தாள் அச்சடிக்கிற சின்ன மெஷின் ஒன்றை வாங்கிவிட்டேன். அந்தக் காசு அதற்குப் போனது. கம்பெனிக்காரன் தரகைக் கூட்டியபோது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவன்தான் ஏற்றுகிறானே, கணக்கு எப்படியும் சரியாகிவிடும் என்று எனக்கு நானே காதில் பூ சுற்றிக்கொண்டேன். அது பெட்டிக்கு முப்பது காசுகூடத் தேறவில்லை. மாதம் ஐம்பது பெட்டி, பதினாலு மாதம். எழுநூறு வெள்ளி.

இந்தத் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது, ஒருத்தரிடம் பொய் சொன்னேன் சாமி என்று மட்டும் மென்று முழுங்கினேன். சாமியார் மூன்று அருள் நிறைந்த மரியே செபம் சொல்லச் சொன்னார். நான் பத்துச் சொன்னேன். வெளியே வந்து போனைப் பார்த்தால் இரண்டு பெட்டிக்கு ஆர்டர் வந்து கிடக்கிறது. இரண்டு பெட்டி என்றால் இரண்டு வெள்ளி. செய்த பரிகாரம் கோயில் வாசலைத் தாண்டவில்லை.

மணி பன்னிரண்டரை ஆனது. போன் விழுந்து உடைந்துவிட்டது என்று சொல்லலாமா? அறிக்கையைத் திறக்க முடியவில்லை, கடவுச்சொல் மறந்துபோச்சு என்று சொல்லலாமா? சாந்தினி அதையும் சரி செய்து கொடுத்துவிட்டுத்தான் போவாள், அவ்வளவு நல்லவள். சனிக்கிழமை வீட்டில் கிடந்து தூங்காமல் இவளுக்கு என்ன ஊர் வேலை என்று அந்தப் பெண்ணை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன்.

ஒரு மணிக்குமேல் தாங்க முடியவில்லை. வெளியே போய் ஜூலியஸிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் மோட்டார் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அந்தப் பொண்ணு வந்து கண்டுபிடிச்சா ஒன்ன திருடிம்பாங்க," என்றார். "நீயா போய் சொன்னா திட்டிட்டு விட்டுருவாங்க. பாத்துக்க."

"விட்டுருவாங்களா?"

"தெரியலலா. எனக்கு இப்பதானே சொல்ற."

அந்தக் கடைசி வார்த்தை சுருக்கென்று தைத்தது. பர்சிலும் அலமாரியிலும் இருந்ததைத் திரட்டினால் முந்நூறு வெள்ளி. எடுத்துக்கொண்டு அவருடைய மோட்டாரிலேயே கிளம்பினேன். செம்பனைக்கு நடுவே போகிற மண்சாலையில் வழியெல்லாம் சத்தம் போட்டுப் பேசிப் பார்த்தேன். அக்கா ஒரு தப்பு நடந்துபோச்சு. இல்லை, நடக்கவில்லை, நான் செய்தேன். அக்கா நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். எதிரே குலை ஏற்றிவந்த டிராக்டர்க்காரன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனான்.

பாப்பம்மா அக்கா தொட்டிக்கு ரப்பர் குழாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கொட்டகைக்குப் பின்னால் ராக்காயி அக்கா வரட்டி தட்டுகிற சத்தம் கேட்டது.

"என்னா எவலினு இங்க வந்து நிக்கிற? சாந்தினி ஒன் வூட்டுக்குல்ல வரேன்னா?"

ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். ஒத்திகை பார்த்தது ஒன்றுமே வரவில்லை. அறிவிப்பு, எட்டு விழுக்காடு, மூன்று வெள்ளிக் கட்டணம், ஆறு காசு, திரும்பி வந்த பெட்டி எல்லாம் தலைகால் இல்லாமல் வந்தது. ஆனால் அக்காவுக்குப் புரிந்துவிட்டது. மாட்டு வியாபாரம் செய்கிறவருக்குக் கணக்குப் புரியாமல் போகுமா?

"ஆறு காசா?"

"ஆறு காசுதான்க்கா."

"ஒனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"போன வருசம் மே மாசம்."

அக்கா குழாயை மூடவில்லை. தொட்டி நிரம்பித் தண்ணீர் அவர் காலடியில் ஓடியது. "ஒரு வருசமா வந்து என் கையால தேத்தண்ணி வாங்கிக் குடிச்சியே," என்றார், மெதுவாக. அவர் சத்தம் போட்டுத் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். நான் அழுதுவிட்டேன். முந்நூறை எடுத்து நீட்டி, மீதியை மாதாமாதம் தருகிறேன், இனிமேல் பெட்டிக்கு எட்டு வெள்ளிதான், ஸ்டேட்மெண்ட்டைச் சாந்தினியிடமே காட்டுகிறேன் என்றேன்.

அக்கா பணத்தைப் பார்க்கவில்லை. கொட்டகையின் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிட்டே வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நான் ராக்காயிக்கு அம்பது காசு கொறச்சிட்டேன் எவலினு," என்றார். "நீ சொன்ன மறுநாளே. பெட்டிக்கு மூணு வெள்ளி குடுத்துக்கிட்டிருந்தேன். சுக்காய் ஏறிடுச்சு, எனக்கும் கட்டுபடியாவல, இனிமே ரெண்டரைன்னு சொல்லிட்டேன்."

போன வருஷத்திலிருந்துதான் ராக்காயி அக்கா ஞாயிற்றுக்கிழமையும் தட்ட வருகிறார். அவருக்கு வீட்டில் சும்மா இருக்கத் தெரியவில்லை என்று நானும் பாப்பம்மா அக்காவும் சேர்ந்து சிரித்திருக்கிறோம். அவர் முன்னாலேயே சிரித்திருக்கிறோம்.

"அவகிட்ட சொல்லாத," என்றார் பாப்பம்மா அக்கா. "நீ எனக்குத் தர்றதத் தா. அடுத்த மாசத்துலேர்ந்து நான் அவளுக்கு அம்பது காசு கூட்டிக் குடுத்துடறேன். சுக்காய் எறங்கிடுச்சுன்னு சொல்லிக்கலாம். பழசெல்லாம் கெளப்புனா நம்ம ரெண்டு பேரையும் என்னான்னு நெனைப்பா?"

ஒரு நிமிஷம் அது எனக்கு நல்ல யோசனையாகத்தான் பட்டது. இத்தனை அழுத பிறகும் அப்படித்தான் பட்டது.

தட்டுகிற சத்தம் நின்றுபோயிருந்தது. முழங்கை வரை சாணியோடு ராக்காயி அக்கா கொட்டகையைச் சுற்றிக்கொண்டு வந்தார். என் கண்ணையும், கையிலிருந்த நோட்டையும், பாப்பம்மா அக்கா பிடித்திருந்த மணிக்கட்டையும் பார்த்தார்.

"என்னா ரெண்டு பேரும்? சண்டையா?"

"அதெல்லாம் ஒன்னுமில்ல ராக்காயி," என்றார் பாப்பம்மா அக்கா. "சுக்காய் விசயமா பேசிக்கிட்டிருக்கோம்."

ராக்காயி அக்கா குனிந்து, வழிந்துகொண்டிருந்த தண்ணீரில் கையைக் காட்டினார். கழுவினார். நிமிராமலே கேட்டார்.

"மறுபடியும் ஏறிடுச்சா?"

அந்தக் குரலில் கோபம் துளிகூட இல்லை. "எவ்ளோன்னு முன்னாடியே சொல்லிடுங்க," என்றார். "அதுக்குத் தகுந்த மாதிரி நான் இன்னும் கொஞ்சம் கூட தட்டிக்குவேன்."

என் மணிக்கட்டில் பாப்பம்மா அக்காவின் பிடி இறுகியது. நான் கையை உருவிக்கொண்டேன்.

"ஏறலக்கா," என்றேன். "அன்னைக்கும் ஆறு காசுதான் ஏறிச்சு. மிச்சத்த நாங்கதான் எடுத்துக்கிட்டோம்."