முத்திரை குத்திய பொட்டலம்

அஸர் தொழுகை முடிந்து வலப்பக்கம் சலாம் கொடுக்கும்போதே ஜெய்னுலாபுதீன் மரைக்காயருக்கு அந்த வாசனை தட்டிவிட்டது. பள்ளிக்குப் பின்னால் அத்தாப்பு ஓலைக் கொட்டகையில் கொதித்துக்கொண்டிருந்த நோன்புக் கஞ்சியின் வாசனை. இடப்பக்கம் தலையைத் திருப்புவதற்குள், அதில் விழுந்திருப்பது தம் கடைத் தூள் இல்லை என்பதும் தெரிந்துவிட்டது. துஆ கேட்கக் கை ஏந்தினார். உதடு அசைந்ததே தவிர மனசு கொட்டகையில் நின்றது.

சிங்கப்பூர் ரயில் பாதையோரத்துப் பெக்கோக்கில் இந்தச் சின்னப் பள்ளி எழும்பிய நாள் முதல், நோன்பு முப்பது நாளும் கஞ்சிக்குக் கறித்தூள் அவருடைய செ.மு. கடையிலிருந்துதான் போகும். அரிசி ஒருவர், இறைச்சி ஒருவர், தேங்காய் ஒருவர் என்று முறை மாறும். தூள் மட்டும் மாறாது. ரயில் பாதை போட வந்த கூலிகளுக்கு அரிசி விற்கக் கடை திறந்த அவருடைய வாப்பா செய்யது முகம்மது மரைக்காயர், பள்ளிக்கு முதல் தூண் நட்ட அன்று கேட்டு வாங்கிக்கொண்ட உரிமை அது. வாப்பா மௌத்தான பிறகு அது ஜெய்னுலாபுதீனின் உரிமையாயிற்று. ஊரில் அவருக்கு வேறு பதவி கிடையாது. அவர் கேட்டதும் கிடையாது. பழுப்புக் காகிதத்தில் நாலு மடிப்பு மடித்து, ஊதா மையில் 'செ.மு. கறித்தூள்' என்று முத்திரை விழுந்த பொட்டலம் ஒரு வீட்டு அடுப்பங்கரையில் இருந்தால், அந்த வீட்டில் தம் வாப்பா உட்கார்ந்திருப்பதாகவே அவர் நினைத்தார். தூள் வறுப்பதும் இடிப்பதும் வீட்டுப் பின்கட்டில் பெண்கள் வேலை. அங்கே அவர் எட்டிப் பார்ப்பதில்லை. முத்திரையை மட்டும் வேறு யாரையும் தொட விட்டதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ முடிந்து வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, ஒவ்வொரு பொட்டலத்திலும் தம் கையாலேயே குத்துவார்.

கொட்டகைக்குப் போனபோது பண்டாரி உதுமான் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தான். அடுப்புக் கல்லுக்குப் பக்கத்தில், மூடி திறந்த தகர டின். மஞ்சள் பூச்சு, அதன் மேல் வெள்ளைக் கப்பல் படம். சிங்கப்பூரில் ஏதோ ஒரு கம்பெனி அடைத்து அனுப்புகிற தூள். ரயிலில் வந்து இறங்கி ஒரு வருஷம்தான் ஆகிறது. செ.மு. பொட்டலம் மூன்று காசு. அதே எடைக்கு இந்த டின் எட்டுக் காசு. ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணிமார்கள் வாங்குவதைப் பார்த்திருக்கிறார். சட்டைப் பித்தான் போட்டுக்கொள்கிறவனுக்குத் தகரத்தில் அடைத்தது எல்லாம் உசத்தி என்று சிரித்திருக்கிறார். அது பள்ளிக்குள் வரும் என்று நினைத்ததில்லை.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

உதுமான் கிளறுவதை நிறுத்தவில்லை. தான் எந்தக் கடைத் தூளையும் குறை சொல்கிற ஆள் இல்லை என்றான். நாலைந்து நாளாகக் கஞ்சி சிரட்டையில் மிஞ்சுகிறது, ஜனங்கள் முகம் சுளிக்கிறார்கள் என்றான். பிறகு, கொண்டுவந்து கொடுத்தவர் பேரைச் சொல்லாமல் இருக்க முடியாது என்று தெரிந்து, மெதுவாகச் சொன்னான்.

"நம்ம கிபாயத்துல்லா காக்காதான்."

கிபாயத்துல்லா அவருடைய கூடப் பிறந்த தம்பி. ரயில் நிலையத்துக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறவர். அப்போதுதான் ஒளு செய்த ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி கிணற்றடியிலிருந்து வந்துகொண்டிருந்தார். அண்ணன் நின்ற நிலையைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒளிந்துகொள்ளவில்லை. தன் கடையில் மூன்று மாசமாக இந்த டின் தூள்தான் என்பதையும் அவரே சொன்னார். மூன்று மாசம். பக்கத்திலேயே தம் கடையில் உட்கார்ந்திருந்தும் ஜெய்னுலாபுதீனுக்குத் தெரியாமல் மூன்று மாசம்.

"வாப்பா பேரு ஒனக்கு கசக்குதோ?"

"காக்கா, சோறு திங்க வர்றவன் நம்ம வாப்பாவத் திங்க வரல. கறி நல்லாருக்கான்னு பாக்குறான். இல்லாட்டி சீனன் கடைக்குப் போறான்."

கொட்டகையில் இருந்த ரெண்டு மூன்று பேர் தலை குனிந்துகொண்டார்கள். அவர்களில் ஒருவன் சிரிப்பை அடக்கியதை ஜெய்னுலாபுதீன் பார்த்தார். தம்பியை அடிக்கக் கை எழுந்தது. ஐம்பத்தெட்டு வயசில், நோன்பு வாயோடு, பள்ளி வளாகத்தில். பாங்கு சொல்கிற மோதினார் குறுக்கே வந்து, நோன்பாளி கோபப்படலாமா மரைக்காயரே, நோன்பு வீணாகுமே என்றார். அந்தக் கை இறங்கியது. கோபம் இறங்கவில்லை. அது வேறு வழி தேடிக்கொண்டது. நோன்பு திறக்கிற மஃரிபுக்கு இன்னும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது, இன்னொரு சட்டி ஏற்று என்றார் உதுமானிடம். அதே அரிசி, அதே இறைச்சி, அதே தேங்காய்ப்பால். தூள் மட்டும் தம்முடையது. எந்தச் சட்டி எது என்று யாருக்கும் சொல்லக்கூடாது. நோன்பு திறக்கிறவன் வாய் சொல்லட்டும். அதில் தம் தூள் தோற்றால் இனி நோன்புக்கு ஒரு பொட்டலம்கூட அனுப்பப்போவதில்லை. ஜெயித்தால் அந்தத் தகரம் பள்ளிக்குள் வரக்கூடாது. இதையெல்லாம் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். தம்பி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். அது பயம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

உள்ளபடியே அவருக்குச் சந்தேகம் இல்லை. முந்தின நாள் விடியுமுன் ஸஹர் சாப்பாட்டில்கூட, சோற்றுக்கு வீட்டில் ஆட்டுக்கறி ஆணம். வாயில் வைத்ததும் மல்லியும் மிளகும் தனித்தனியாக எழுந்து நின்றன. இப்படி ஒரு தூளை விட்டுவிட்டுத் தகரத்தை நக்குகிறார்களே என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே நடந்தார். வெயில் தண்டவாளத்தில் விழுந்து கண்ணைக் கூசவைத்தது.

சம்சாத் பேகம் பின்கட்டில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புருஷன் அந்த வாசலைத் தாண்டி வந்ததை அவள் பார்த்தே வருஷங்கள் ஆகியிருக்கும். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். நல்ல பொட்டலமாக நாலு கொடு என்றார். எதற்கு என்று கேட்டாள். சொன்னார். தம்பி சொன்னதையும் தாம் சொன்னதையும் சேர்த்தே சொன்னார். அவள் முகம் மாறியது. அடுக்கியிருந்த பொட்டலங்கள் பக்கம் போகாமல் அடுப்பங்கரைக்குள் போய், மண்ஜாடி ஒன்றை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"இதக் கொண்டுபோங்க."

"இதுல முத்திர இல்லையே."

"முத்திர இல்லாததாலதான் இது நல்லாருக்கு."

அவருக்கு விளங்கவில்லை. விளங்காததைக் காட்டிக்கொள்ளாமல் நின்றார். அவள் முறத்தை அவர் பக்கம் தள்ளினாள். அதில் பொன்வறுவலாக வறுத்து இடித்த மாவு இருந்தது. மரவள்ளிக் கிழங்கு மாவு. பக்கத்திலேயே மஞ்சள் கிண்ணம். மாவுக்கு நிறம் ஏற்றத்தான். ஐரோப்பாவில் சண்டை தொடங்கி நாலாவது வருஷம் நடக்கிறது, கப்பல் வருவது குறைந்துபோச்சு, மல்லியும் மிளகாயும் ரெண்டு பங்கு விலை ஏறிவிட்டது என்று அவள் சொல்ல ஆரம்பித்தாள். சாமான் மூட்டைகளை இறக்குகிற அவருக்கு அது தெரியாதது அல்ல. தெரிந்தும் மூன்று காசிலிருந்து ஒரு காசு ஏற்றவில்லை. வாப்பா வைத்த விலை. எடையிலும் ஒரு சிட்டிகை குறைக்க விடவில்லை. வாப்பா வைத்த எடை. இந்த மாசத்துச் சரக்குக்கு இவ்வளவுதான் என்று அவர் பின்கட்டுக்கு அனுப்பிவைக்கிற மல்லி மட்டும் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்தது. பொட்டலங்களின் எண்ணிக்கை குறையவில்லை. ரெண்டு வருஷமாகப் பாதிக்குப் பாதி இந்த மாவுதான் என்றாள்.

"எங்க வாப்பா பேரு மேல கிழங்கு மாவக் கொட்டுனியா?" அவர் குரல் உடைந்தது. அது அழுகை இல்லை, ஆத்திரம். "ஒன்ன யாரு கலக்கச் சொன்னா?"

"நீங்கதான். வாய் தொறந்து சொல்லல, அவ்வளவுதான். மூணு தடவ ஒங்ககிட்ட வந்து கேட்டேன். மூணு தடவையும் கையக் காட்டி, வாப்பா வச்ச வெலன்னு சொல்லி வாய அடச்சீங்க. ஒங்க வாப்பா பேரு மேல நான் ஏறி நிக்கலங்க. அந்த வெலைக்கு அடியில நசுங்கிக் கெடக்குறேன்."

மூன்று தடவையும் அவருக்கு ஞாபகம் வந்தது. ஒரு தடவை பெருநாளுக்கு முந்தின நாள். ஒரு தடவை அவர் முத்திரை குத்திக்கொண்டிருக்கும்போது. குத்துவதை நிறுத்தாமலே கையைக் காட்டினார். இன்னொன்று எப்போது என்று தெரியவில்லை, ஆனால் கையைக் காட்டியது தெரிந்தது. அப்படியானால் முந்தின நாள் ஆணத்தில் மிளகும் மல்லியும் எழுந்து நின்றது இந்த ஜாடியால். ஊரெல்லாம் மாவைத் தின்ன, தினமும் வீட்டிலேயே நோன்பு திறக்கிற அவர் ஒருவர் மட்டும் வாப்பா காலத்துத் தூளைத் தின்று, ஊரார் நாக்கைப் பழித்துக்கொண்டிருந்திருக்கிறார். அவள் மேல் வந்த கோபம் போன வேகத்தில் திரும்பி அவர் மேலேயே விழுந்தது. அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. முறத்தைக் காலால் எற்றினார். மாவு சுவரில் அடித்துப் புகையாக இறங்கியது.

சம்சாத் பேகம் அசையவில்லை. ஜாடியை மறுபடியும் அவர் பக்கம் நகர்த்தினாள். யாருக்கும் தெரியாது, இதைக் கொண்டுபோனால் ஜெயித்துவிடுவீர்கள், பெருநாள் கழித்து விலையைப் பற்றி யோசிக்கலாம் என்றாள். அதில் குத்தல் இல்லை. அவரைக் காப்பாற்றத்தான் சொன்னாள். அது தெரிந்ததுதான் அவருக்கு இன்னும் பொறுக்கவில்லை. ஜாடியின் மூடியைத் திறந்து முகர்ந்தார். கையில் எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கீழே வைத்துவிட்டு, சுவரோரம் அடுக்கிலிருந்து நாலு பொட்டலங்களை உருவினார்.

"தோத்துருவீங்க," என்றாள்.

"முத்திர குத்துனது நான்."

கொட்டகைக்குத் திரும்பி, பொட்டலங்களைத் தம் கையாலேயே பிரித்துப் புதுச் சட்டியில் கொட்டினார். உதுமான் ஓரக்கண்ணால் பார்த்தான். சூரியன் ரப்பர் மரங்களுக்குப் பின்னால் இறங்கும் வரைக்கும் அவர் கொட்டகையை விட்டு நகரவில்லை. தம்பி தூண் ஓரமாக உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். நாற்பது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். தோட்டத்து மலாய்க்காரர்களும் ஏழெட்டுப் பேர் தகரக் குவளையோடு வந்து உட்கார்ந்தார்கள். பந்தயச் சேதி எல்லோருக்கும் எட்டியிருந்தது. ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பாங்கு விழுந்தது. பேரீச்சம்பழம், தண்ணீர். உதுமான் ரெண்டு சட்டிக்கும் மூடி திறந்தான். சொல்லக்கூடாது என்று அவர் கட்டளையிட்டிருந்தும், அவர் எந்தச் சட்டியில் கொட்டினார் என்று கொட்டகையில் இருந்தவர்கள் பார்த்திருந்தார்கள். ஆனால் முதலில் எழுந்தவர் கிபாயத்துல்லா. நேராக அண்ணன் சட்டிக்குப் போய்ச் சிரட்டையை நீட்டினார். அவருக்குப் பின்னால் ஒருவர், இன்னொருவர், பிறகு எல்லோரும். டின் தூள் சட்டி பக்கம் ஒரு ஆள் போகவில்லை. உட்கார்ந்து குடித்தார்கள். நல்லாருக்கு காக்கா என்றார் ஒருவர். தூள்னா செ.மு. தூள்தான் என்றார் இன்னொருவர். ரயில் நிலையத்தில் சாமான் தூக்குகிற மலாய்க்காரர்கூடக் குவளையை உயர்த்திக் காட்டி, "சடாப், தவுக்கே," என்று மலாயில் ருசியைப் புகழ்ந்தார்.

ஜெய்னுலாபுதீன் தம் சிரட்டையிலிருந்து ஒரு வாய் குடித்தார். கஞ்சி அண்ணத்தில் அப்பிக்கொண்டது. மஞ்சள் கசந்தது, மிளகு எங்கேயோ தூரத்தில் இருந்தது, மற்றதெல்லாம் மாவு. இன்னொரு வாய் குடித்தார். கண்ணை நிமிர்த்திச் சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தம்பி குனிந்து குடித்துக்கொண்டிருந்தார், மருந்து குடிக்கிற மாதிரி, மூச்சை அடக்கி. தோற்றிருந்தால் பொறுத்திருப்பார். இது பிச்சை. கூடப் பிறந்தவன் ஊரையே கூட்டிப் போட்ட பிச்சை.

எழுந்து நின்றார். முதுகு வளையவில்லை.

"நோன்பு தொறந்த வாயால பொய் சொல்லாதீங்க."

சிரட்டைகள் பாதியில் நின்றன. கிபாயத்துல்லா, உட்காருங்க காக்கா, விடுங்க என்று எழுந்து வந்தார். அவர் தம்பியின் கையைத் தட்டிவிட்டார்.

"இதுல கிழங்கு மாவு கெடக்கு. பாதிக்குப் பாதி. ரெண்டு வருஷமா ஒங்க எல்லாரு வீட்டுக்கும் இதத்தான் குடுத்தேன். யாரும் கலக்கல. நான் கலந்தேன்."

ஒரு கிழவர் என்னமோ சொல்ல வாயெடுத்து இருமலாக முடித்தார். உதுமான் அகப்பையைச் சட்டியிலேயே விட்டுவிட்டுத் தள்ளி நின்றான். ஜெய்னுலாபுதீன் டின் தூள் சட்டிக்குப் போனார். ஒரு சிரட்டை தாமே அள்ளிக்கொண்டார். எல்லோரும் பார்க்க நின்றபடியே முழுக்கக் குடித்தார். நன்றாக இருந்தது. வாப்பா காலத்துத் தூள் அளவுக்கு இல்லை. ஆனாலும் நன்றாக இருந்தது. அதைச் சொல்லவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு பள்ளிக்குள் ஏறினார்.

மோதினார் தொழுகை தொடங்க இகாமத் சொன்னார். வரிசை கூடியது. கடைசி வரிசையின் ஓரத்தில் அவர் தனியாகப் போய் நின்றார். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் இடம் காலியாகவே இருந்தது. பிறகு கிபாயத்துல்லா வந்து நின்றார். தோளோடு தோள் பட்டது. ஜெய்னுலாபுதீன் விலகவும் இல்லை, சாயவும் இல்லை. பக்கவாட்டு மறைப்பில் பலகை ஒன்று விட்டுப்போயிருந்தது. அந்த இடைவெளியில் கொட்டகை தெரிந்தது. அடுப்பு அணைந்துகொண்டிருந்தது. அவருடைய சட்டியில் கஞ்சி ஆறி, மேலே ஆடை படிந்து, இறுகிக்கொண்டிருந்தது. உதுமான் விட்டுவிட்டுப் போன அகப்பை யாரும் பிடிக்காமலே அதன் நடுவில் நேராக நின்றது.