ஒரு பிள்ளைக்குத் திறந்த குப்பி

சுகாதார நிலையத்தைப் பூட்டப் போகிற நேரம். பின்கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள். திறந்தால், மளிகைக்கடைக்காரர். தோளில் அவருடைய சின்ன மகள், தலை முதல் கால் வரை போர்வைக்குள்.

நர்சம்மாவுக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. "ஊசி போட்டா பிள்ளைக்கு ஆகாது" என்று பருப்போடு சேர்த்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தவர் இவர்தான். இவர் புண்ணியத்தில் இந்தத் தெருவே அவளைக் கண்டால் கதவைச் சாத்தும்.

"அடுத்த தெருவுல ஒரு குழந்தைக்குத் தட்டம்மை முத்திப்போச்சாமே. பெரிய ஆஸ்பத்திரியில வெச்சிருக்காங்களாம். இவளுக்குப் போட்டுடுங்க. ஆனா யாருக்கும் தெரிய வேணாம், நர்சம்மா."

தடுப்பூசிக் குப்பி ஒன்றில் இருப்பதோ பத்துக் குழந்தைகளுக்கான மருந்து. கரைத்துவிட்டால் சில மணி நேரம்தான் தாங்கும். மருந்தை வீணாக்காதே என்று மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு, ஒரு பிள்ளையையும் விடாதே என்று இன்னொன்று. இரண்டிலும் ஒரே ஆளின் கையெழுத்து! ஆனால் இப்போது திருப்பி அனுப்பினால் இந்த மனிதர் மறுபடி வரமாட்டார். வருவது வரட்டும் என்று நர்சம்மா குப்பியைத் திறந்தாள்.

குழந்தை வீறிட்டு அழுது ஓய்ந்தது. கடைக்காரர் கண் குப்பியை விட்டு நகரவில்லை.

"மிச்சம்?"

"கொட்டணும் அண்ணே. நாளைக்கு வெச்சுக்க முடியாது."

"என்னது, கொட்டணுமா!"

எச்சில் கையால் காக்கை ஓட்டாத மனிதர். சிந்திய கடுகைக்கூடக் குனிந்து பொறுக்குகிறவர். அவருக்கு மனசு கேட்கவில்லை. கதவுவரை போனார், திரும்பினார், போர்வையை இழுத்துவிட்டார். மானமா, மருந்தா? பார்க்கவே பாவமாக இருந்தது.

"கொஞ்சம் இருங்க. கொட்டிடாதீங்க."

நர்சம்மா குப்பியைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். கடைக்காரர் வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். ஜனம் கூடிவிட்டது. எதிர்வீட்டுத் தையல்காரி இடுப்பில் கைவைத்துக் கேட்டாள்:

"ஆகாதுன்னு சொன்னதே நீங்கதானே அண்ணே? உங்க பிள்ளைக்குப் போடுவீங்களா?"

கடைக்காரர் அத்தனை பேர் பார்க்கப் போர்வையை விலக்கி, மகளின் கையைத் தூக்கிக் காட்டினார். ஊசி போட்ட இடத்தில் பஞ்சு இன்னும் ஒட்டியிருந்தது.

"முதல்ல இவளுக்குத்தான் போட்டேன். நான் சொன்னது தப்பும்மா. பையனைத் தூக்கிட்டு வா."

தையல்காரி உள்ளே போனாள். ஆனால் கதவைச் சாத்தவில்லை. மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் வெளியே வந்தாள்.