எட்டாம் மைலுக்கு அந்தப்பக்கத்து முகவரி

காலையில் வேலைக்குக் கிளம்பிய வெர்லீன், வாசலில் நிறுத்தியிருந்த காரின் பின்பக்கம் நசுங்கிக் கிடப்பதைக் கண்டாள். இடித்தவன் போய்விட்டான். உடைந்த சிவப்பு விளக்கின் சில்லுகளை எதிர்வீட்டு ஹோலிஸ் துடைப்பத்தால் கூட்டிக்கொண்டிருந்தார்.

“நீல வேன், மிஸ் வெர்லீன். ஆறு பத்துக்கு இடிச்சுட்டு நிக்காம போயிட்டான். நம்பர் குறிச்சு வெச்சிருக்கேன். போலீசக் கூப்பிடட்டுமா?”

“வேண்டாம் மிஸ்டர் ஹோலிஸ். நானே பாத்துக்கறேன்.”

வேலைக்கு வர முடியாதென்று போன் பண்ண உள்ளே போனாள். ஆறு பத்துக்கு இந்த மனிதருக்கு ஜன்னலில் என்ன வேலை? போன மாதம் இவர்தான் வலிய வந்து, “உங்களுக்கு இன்சூரன்ஸ் எவ்வளவு வருது? என்னை உரிச்சு எடுக்கறானுங்க” என்றார். சும்மா கேட்டாரா, வாயைக் கிளறினாரா என்பது இன்றுவரை அவளுக்குப் புரியவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்.

மிச்சிகனில் யார் இடித்தாலும் அவரவர் காப்பீடுதான் அவரவருக்குச் செலவழிக்க வேண்டும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அதைச் சொல்லியே வருடா வருடம் கட்டணத்தை ஏற்றினார்கள். டெட்ராய்ட் முகவரி என்றால் இரண்டு மடங்கு. பதினெட்டு வருடம் ஒரு கீறல்கூட இல்லாமல் ஓட்டியவளுக்கு வயிறு எரியாதா? தெருவில் பலர் செய்வதையே அவளும் செய்தாள். டெட்ராய்ட் எல்லையான எட்டாம் மைல் சாலைக்கு அந்தப்பக்கம், சித்தி மகள் ஷார்மெய்ன் வீட்டில் கார் நிற்பதாக எழுதிக்கொடுத்தாள். கண்டுபிடித்தால் காப்பீடு ரத்து. கார் இல்லாவிட்டால் வேலை இல்லை. அவள் மாவு பிசையும் ரொட்டி ஆலைக்குப் பஸ் கிடையாது.

அதனால் நசுங்கிய காரை மெல்ல உருட்டிக்கொண்டு போய் ஷார்மெய்ன் வாசலில் நிறுத்திவிட்டுத்தான் காப்பீட்டு அலுவலகத்தைக் கூப்பிட்டாள். மதியம் அங்கிருந்து ஒருவன் வந்தான். காரைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தான். பிறகு குனிந்து தரையைப் பார்த்தான்.

“இங்கதானே இடிச்சாங்க?”

“இதோ, இதே இடத்துலதான் தம்பி” என்றாள் ஷார்மெய்ன்.

“விளக்கு இப்படி நொறுங்கியிருக்கு. ஒரு சில்லுகூடக் காணோமே.”

“நான்தான் கூட்டிட்டேன். பிள்ளைங்க வெறுங்காலோட ஓடுற இடம்.”

அவன் மறுபடி தரையைப் பார்த்தான். எதையோ குறித்துக்கொண்டான். இந்த ஷார்மெய்னுக்குப் பொய் இவ்வளவு சரளமாக எப்போதிலிருந்து வந்தது என்று வெர்லீனுக்கே பயமாக இருந்தது. அவன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் காரின் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

பின்சீட்டில் ஒரு காபி டப்பா இருந்தது. காலையில் அவள் போன் பேசப் போன நேரத்தில் வைத்திருக்க வேண்டும். பக்கவாட்டில் வெள்ளை டேப் ஒட்டி, ஹோலிஸின் பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அவளுடைய டெட்ராய்ட் தெரு, கதவு எண், காலை 6:10, நீல வேன், அதன் நம்பர். கீழே ஒரு வரி: ‘இவர் மேல் தப்பில்லை. நானே பார்த்தேன்.’

உதவியா, உபத்திரவமா? அந்தக் கிழவர் முகத்தை நினைத்து நினைத்துப் பார்த்தாள். பிடிபடவில்லை.

“உள்ளேருந்தும் ஒரு படம் எடுத்துடறேன்” என்று அவன் பின்கதவைத் திறந்தான். “இந்த டப்பால என்ன?”

“காபி” என்றாள் வெர்லீன்.

இடைஞ்சலாக இருக்கிறதென்று அவன் அதை ஒரு கையால் தூக்கினான். டேப் ஒட்டிய பக்கம் இன்னும் அவளைப் பார்த்தபடிதான் இருந்தது. டப்பா கலகலவென்று குலுங்கியது.