இரட்டைக்குழல்காரரின் சம்மதம்

ரோமாபுரியில் சிங்காரவேலுவின் வேலை, கேட்கக்கூடாத சத்தம் எதுவும் யார் காதிலும் விழாமல் பார்த்துக்கொள்வது. திருவாரூரிலிருந்து மாற்றலாகி வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. அங்கே நாதஸ்வரம், இங்கே இரட்டைக்குழல். மற்றபடி வேலை ஒன்றுதான். தாலி கட்டும் நேரத்தில் எவனாவது தும்மித் தொலைத்தால் கேட்டுவிடக்கூடாதே என்று நாம் கெட்டிமேளம் கொட்டுகிறோம் அல்லவா, அதையே இவர்கள் ஒரு அரசாங்க இலாகாவாக வைத்து நடத்துகிறார்கள்.

இரண்டு குழலையும் ஒரே நேரத்தில் வாயில் வைத்து ஊத வேண்டும். கன்னம் உப்பி வெடித்துவிடாமல் இருக்க முகத்தைச் சுற்றி ஒரு தோல்வார் கட்டுவார்கள். கட்டியபின் மனிதன் சாப்பிட முடியாது, பேச முடியாது, கொட்டாவிகூட விட முடியாது. சிங்காரவேலு பெரிய பேச்சுக்காரர் இல்லை. அவருக்கு அந்த வார் வசதியாகவே இருந்தது.

அன்று காலை அவருக்குக் கல்யாணம்.

பெண் அபயாம்பாள், மாயவரத்துக்காரி. வீரர்கள் சண்டை போடும் மைதானத்தில் தண்ணீர் ஆர்கன் வாசிக்கிறாள். ஆள் உயரத்துக்குப் பித்தளைக் குழாய்கள், அடியில் தண்ணீர்த் தொட்டி, காற்றடிக்க இரண்டு தடியர்கள். பாட்டு நிற்கும்வரை யாரும் தோற்கக்கூடாது என்பது மைதானச் சட்டம். சிங்காரவேலு அவளை முதலில் பார்த்த அன்று, மெலிந்த ஒருவன்மேல் இரக்கப்பட்டு அவள் ஒரே பாட்டை மூன்று மணிநேரம் நீட்டிக்கொண்டிருந்தாள். எதிராளி சலித்துப்போய் வீட்டுக்குப் போய்விட்டான். அன்றைக்கே சிங்காரவேலுவின் மனசு கைவிட்டுப் போயிற்று.

இப்போது படை பிரிட்டனுக்குக் கப்பல் ஏறுகிறது. கல்யாணமாகாத மைதான வாத்தியக்காரர்கள் கூடவே போக வேண்டும் என்று உத்தரவு. உச்சிவேளையில் துறைமுகத்தில் வளைகொம்பு ஊதுவார்கள். அதற்குள் கல்யாணம் முடிந்திராவிட்டால் அபயாம்பாளும் ஆர்கனும் கப்பலில்.

கல்யாணத்துக்குக் குழல்காரர் கட்டாயம். ஊரிலிருந்த மற்ற நாற்பது குழல்காரர்களும் கோயில் பந்தியில் தங்களை உட்காரவைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியவர் சிங்காரவேலு ஒருவர்தான். ஆகவே மாப்பிள்ளையும் அவரே, குழலும் அவரே. இதில் என்ன சிக்கல் வரப்போகிறது என்று அவர் நினைத்தது உண்மை.

பதிவு அலுவலகத்தின் தாழ்வாரம், பயந்தவர்கள் நடந்தால் அடிக்கு ஒரு தூண் நீளும். வாசல் பலகையிலேயே எழுதியிருந்தது. சிங்காரவேலு ஐந்தாவது அடி வைத்தபோது மறுமுனை மங்கலாகிவிட்டது. அபயாம்பாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அதன்பிறகு பதினான்கு தூணோடு முடிந்தது. ஆர்கனும் தடியர்களும் பின்னால் வந்தார்கள்.

உள்ளே குயிண்டஸ் உட்கார்ந்திருந்தார். அவர் செவிப்பதிவாளர். சடங்கின்போது எது காதில் விழுந்தாலும் எழுதிக்கொள்வது அவர் உத்தியோகம். முப்பது வருடமாகக் குழல்காரர்கள் ஊதிக்கொண்டே இருந்ததால் அவர் பதிவேட்டில் ஒரு வரிகூட ஏறவில்லை. பக்கத்தில் சாட்சி நின்றது. அது ஒரு பன்றி. மூன்று வருடமாக அங்கே வேலை பார்க்கிறது, இன்னும் நிரந்தரம் ஆகவில்லை.

"குழல் நிக்கக்கூடாது. நின்னு, வேண்டாத சத்தம் கேட்டா, முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்," என்றார் குயிண்டஸ். "மாப்பிள்ளை வாய்விட்டுச் சம்மதம்னு சொல்லணும்."

சிங்காரவேலு வாரைக் கட்டி ஊதத் தொடங்கினார். அபயாம்பாள் தன் சம்மதத்தைச் சொன்னாள். அது யார் காதிலும் விழவில்லை, எனவே செல்லும் என்றார் குயிண்டஸ். பிறகு எல்லோரும் சிங்காரவேலுவைப் பார்த்தார்கள். சிங்காரவேலு ஊதிக்கொண்டே இருந்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

குழலுக்குள்ளேயே சொல்லிப் பார்த்தார். பேகடா ராகம் மாதிரி ஏதோ வந்தது.

"நல்லா இருக்கு," என்றார் குயிண்டஸ். "ஆனா அது சங்கீதம்."

ஒரு குழலை மட்டும் உருவிவிட்டு, பாதி வாயால் ஊதி, மீதி வாயால் சொன்னார்.

"பாதி வாயில வந்தது பாதிச் சம்மதம்," என்றார் குயிண்டஸ். "பாதிக் கல்யாணம் பண்ணிவைக்கலாம். அம்மா பாதி இங்க இருக்கலாம், மீதி கப்பல்ல போகணும்."

"எந்தப் பாதிங்க?" என்று கேட்டாள் அபயாம்பாள்.

"அது கப்பல்காரங்க பாத்து முடிவு பண்றது."

அவள் ஆர்கன் முன்னால் போய் உட்கார்ந்தாள். "நான் வாசிக்கிறேன். இவர் வாய் சும்மா இருக்கட்டும்."

"தாராளமா. ஆனா அது சண்டைக்கான வாத்தியம். வாசிச்சா யாராவது ரெண்டு பேரு சண்டை போட்டாகணும்."

அவள் வாசித்தாள். அறையில் வேறு யாரும் ஓய்வாக இல்லாததால் குயிண்டஸும் பன்றியும் எழுந்து கட்டிப் புரண்டார்கள். சிங்காரவேலு வாரை அவிழ்ப்பதற்குள் பன்றி ஜெயித்துவிட்டது. பாட்டு நிற்கும்முன் ஜெயித்ததால் சட்டப்படி அது செல்லாது. தவிர, சண்டையில் இருந்த பதிவாளர் எதையும் கேட்டிருக்க முடியாது. குயிண்டஸ் சட்டையைத் தட்டிவிட்டு உட்கார்ந்து, பன்றிக்குக் கை கொடுத்தார்.

"முதல்லேர்ந்து," என்றார்.

ஜன்னலில் வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. கொம்புக்காரன் தொண்டையைச் செருமுவது துறைமுகத்திலிருந்து கேட்டது. சடங்கு தொடங்காததால் அது கணக்கில் இல்லை.

பத்தொன்பது வருடமாகத் தன் குழல் நின்ற இடத்தில் என்ன இருக்கும் என்று சிங்காரவேலு பார்த்ததே இல்லை. எத்தனை தும்மல், எத்தனை இருமல், எத்தனை பேருடைய மனத்தாங்கல் அங்கே காத்துக்கொண்டிருக்குமோ. அபயாம்பாள் இல்லாத ஊரை நினைத்துப் பார்த்தார். அது இன்னும் மோசமாக இருந்தது.

மறுபடி வாரைக் கட்டி ஊதினார். அபயாம்பாள் மறுபடி சொன்னாள். தன் முறை வந்ததும் வாரை அவிழ்த்தார். இரண்டு குழலையும் வாயிலிருந்து எடுத்தார்.

அறையில் நிசப்தம் வந்தது. யாரும் அதை முன்பு பார்த்ததில்லை. சற்றுப் பெரியதாகவே இருந்தது. தடியர்கள் அதற்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றார்கள்.

"சம்மதம்," என்றார் சிங்காரவேலு.

உடனே சுவரோரத்தில் ஒரு எலி கீச்சிட்டது.

குயிண்டஸின் முகம் மலர்ந்தது. "எலி," என்றார் மெதுவாக. "கேட்டேன். நான் கேட்டேன்." எழுத்தாணியை இரண்டு கையாலும் எடுத்தார். முப்பது வருடம் அல்லவா, மனிதரைக் குறை சொல்ல முடியாது. "எலி கத்தினா முதல்லேர்ந்து இல்ல, கல்யாணமே கலைஞ்சிடும். தப்பா நினைக்காதீங்க. எனக்கு இது முதல் வரி."

சிங்காரவேலுவுக்கு அழுகை வந்தது. அபயாம்பாள் மேஜையருகே வந்தாள்.

"ஏங்க, ஒரு சடங்குக்கு எத்தனை வரிங்க?"

"ஒண்ணுதாம்மா. முதல்ல எது காதுல விழுந்துச்சோ அது."

"முதல்ல எது விழுந்துச்சு?"

குயிண்டஸ் யோசித்தார். அவர் நேர்மையான மனிதர். அதனால்தான் அவ்வளவு நேரம் பிடித்தது.

"எலி ரொம்பத் தெளிவா இருந்துச்சும்மா," என்றார்.

"இருக்கட்டும். அது ரெண்டாவது."

"ரெண்டாவதுதான்," என்றது பன்றி. சாட்சி என்ற முறையில்.

குயிண்டஸ் எலி இருந்த திசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து, முதல் பக்கத்தின் முதல் வரியில் சம்மதம் என்று எழுதினார். எழுதியதும் அவருக்கே அது பிடித்துப்போனது மாதிரி தெரிந்தது. ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

"சத்தம் எப்படி இருந்துச்சுன்னு ஒரு கட்டம் இருக்கு. மாப்பிள்ளை சொல்லக்கூடாது. நீங்க சொல்லுங்கம்மா."

"கொஞ்சம் கரகரன்னு இருந்துச்சு," என்றாள் அபயாம்பாள். "தினமும் கேக்கப்போறேன், பழகிக்கிறேன்னு எழுதிக்குங்க."

அவர் எழுதி முடித்தபோது துறைமுகத்தில் வளைகொம்பு ஊதியது. கப்பல் போனது. ஆர்கன் போகவில்லை.

சிங்காரவேலுவின் வாய் திறந்தபடி இருந்தது. குழலை மறுபடி வைக்கத் தோன்றவில்லை. பத்தொன்பது வருடம் கழித்து ஒரு ஆள் என்னதான் பேசுவான். "சாப்பிடப் போலாமா?" என்று கேட்டார்.

"போலாங்க," என்றாள் அபயாம்பாள்.

அதுவும் காதில் விழுந்துவிட்டதால், குயிண்டஸ் அவசர அவசரமாக அடுத்த வரிக்குப் போனார்.