குறிப்பிடும்படி ஏதுமில்லை

"நீதானே டைப் அடிச்ச, நீயே எடுத்துச் சொல்லு. பொண்ணு வீட்டுக்காரங்களுக்கும் நம்பிக்கையா இருக்கும்," என்று ஸ்கேன் அறிக்கையை மகளின் மடியில் வைத்தாள் அம்மா. "அதுல இருக்கறத மட்டும் சொல்லு."

மகள் ஸ்கேன் சென்டரில் அறிக்கை அடிப்பவள். ஒரு நாளைக்கு நாற்பது: தலை, முதுகெலும்பு, முழங்கால். போன மாதம் அதில் ஒன்று தம்பியின் தலை. மூளை இயல்பாக உள்ளது என்று டாக்டர் சொன்னதை அடித்தாள். அதற்கு மேலே, முன்வரலாறு என்ற கட்டத்தில், அப்பா சொன்னதை அடித்தாள். குறிப்பிடும்படி ஏதுமில்லை.

தம்பிக்கு இருபத்திரண்டு வயது. லேத் பட்டறை வேலையை விட்டு நான்கு மாதமாகிறது. 'உள்ள போ' என்று ஒரு குரல் கேட்கும். கேட்டதும் சாப்பாட்டிலிருந்துகூட எழுந்துபோய், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சாமான் அறையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். மாத்திரை தொடங்கிய பிறகு குரல் தூரத்திலிருந்துதான் கேட்கிறது என்றான். அம்மா மாத்திரையை நிறுத்தச் சொன்னாள். மாப்பிள்ளை தூங்குமூஞ்சியாக இருக்கக் கூடாது. ஒரு கால்கட்டு போட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

மனநல டாக்டரம்மா அப்படிச் சொல்லவில்லை. "கட்டி இல்ல, ரத்தக்கசிவு இல்ல, அவ்வளவுதான் இதுக்கு அர்த்தம். சின்ன வயசுல ஓயாம பயந்து வளர்ந்தவங்க நூறு பேரோட படத்தைச் சேர்த்து அளந்தா, சில இடங்கள் கொஞ்சம் சின்னதாத் தெரியும். ஒருத்தரோட படத்துல அது கண்ணுக்குப் படாது. அதனாலதான் கேக்கறேன். வீட்ல எப்படி வளர்ந்தான்?"

"ராஜா மாதிரி," என்றார் அப்பா. அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். ஊரான் பிள்ளைகளுக்கு மிட்டாய் வைத்திருப்பவர்.

பதினோரு மணிக்கு, தம்பிக்குப் பார்த்திருந்த பெண்ணின் அப்பாவும் அத்தையும் வந்தார்கள். அவர் உட்காரும்போதே அப்பாவை "சம்பந்தி" என்றார். அத்தை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"பையன் தனியா பேசறான்னு யாரோ சொன்னாங்க," என்றாள்.

"கண்ணு பட்டுடுச்சுங்க," என்றாள் அம்மா. "மூளையவே படம் எடுத்துப் பாத்தாச்சு. சொல்லுடி."

மகள் தாளைப் பிரித்தாள். மூளை இயல்பு என்ற வரியைப் படித்தாள். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அடுத்த மாதம் யாரோ ஒரு பெண், மாத்திரை இல்லாதவனோடு, இந்த வீட்டில் இருப்பாள்.

"இதுக்கு மேல ஒரு வரி தப்பா அடிச்சிட்டேன்," என்றாள். குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. "முன்வரலாறு இருக்கு. அஞ்சு வயசுலேருந்து அவனை அடிச்சு, மாடிப்படிக்குக் கீழ வச்சுப் பூட்டினாங்க. படுக்கையை நனைச்சா, மார்க் குறைஞ்சா. சில நாள் காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும். தாழ்ப்பாள் போட அனுப்பினது என்னைத்தான். இப்ப அவனுக்குக் குரல் கேக்குது. மனநல டாக்டரம்மா குடுத்த மாத்திரை சாப்பிடறான், நிறுத்தக் கூடாது."

"கண்டிச்சு வளர்த்தேன்," என்றார் அப்பா. "பெத்தவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா?"

பெண்ணின் அப்பா எழுந்துவிடுவார் என்று மகள் நினைத்தாள். அவர் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தார்.

"இதுக்காம்மா இவ்வளவு பீடிகை? அடியாத மாடு படியாது. தனியா பேசறவனுக்குத் துணைக்கு ஆள் வந்தா அவகிட்டப் பேசிட்டுப் போறான். படத்துலதான் ஒண்ணும் இல்லையே." அப்பாவின் பக்கம் திரும்பினார். "எங்க வீட்லயும் அதே வைத்தியந்தான் சம்பந்தி. குளியலறைல வச்சு ஒரு தடவை பூட்டினா, ரெண்டு நாளைக்குச் சத்தமே வராது. அப்படி அடங்கி வளர்ந்த பொண்ணு."

அம்மாவுக்கு மூச்சு வந்தது. காபி எடுத்துவர எழுந்தாள்.

தம்பி உள்ளறை வாசலில் நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தானென்று யாரும் பார்க்கவில்லை. சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டிருந்தான்.

"அந்தப் பொண்ணுக்கும் குரல் கேக்குதான்னு கேட்டீங்களா?" என்றான். பட்டறையில் கூட வேலை பார்ப்பவனின் காய்ச்சலை விசாரிப்பதுபோல.

பெண்ணின் அப்பாவுக்குச் சிரிப்பு நின்றது. தன் தங்கையைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா," என்றார். எழுந்துகொண்டே, "கலந்து பேசிட்டுச் சொல்றோம்."

காபி ஆறிக்கொண்டிருந்தது. பெண்ணின் அப்பா தெருவில் இறங்கி வண்டியைத் திருப்பினார். அத்தை செருப்பை மாட்டுவதில் வேண்டுமென்றே நேரம் எடுத்தாள். மகள் அருகே வந்ததும் நிமிராமலே கேட்டாள்.

"ஏம்மா, அந்த டாக்டரம்மா எந்தெந்த நாள்ல பாப்பாங்க?"