வெள்ளை விழுந்த பாசி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது வக்கீல் கிழித்துப்போட்ட பக்கங்களால் ஆன கதை. நடுக்கடலில் எண்ணெய்க் கிணறு உடைந்து, எங்கள் ரோத்தே தீவின் கடல்பாசித் தோட்டங்கள் அழிந்தன. வழக்குப் போட்டோம். பாசி வளர்க்கும் அடொல்ஃபினா சொல்லச் சொல்ல அவள் சாட்சியத்தை எழுதியவள் நான், ஊர்ப் பள்ளி டீச்சர். பத்துப் பக்கத்தில் எட்டை வக்கீல் கிழித்தார்.

"தேதி போதும் டீச்சர். சண்டையெல்லாம் எதுக்கு?"

கிழித்ததை எடுத்து வைத்துக்கொண்டேன்.

2

அன்று காலை கடல் வானவில்லாய் மின்ன...

வேண்டாம். அழகாக இருக்கிறது, அன்று அப்படி இல்லை. பாசி கட்டி வளர்த்த கயிற்றை அடொல்ஃபினா தண்ணீரிலிருந்து தூக்கினாள். பாசியின் நுனி வெளுத்திருந்தது. விரல் பட்டதும் வெந்த கிழங்கு மாதிரி கழன்று விழுந்தது. பக்கத்துத் தோட்டக்காரர் மெசாக் படகிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"சோப்புத் தண்ணிய கடல்ல ஊத்துறியே, அதான்."

"நீங்க குளிக்கிறதே இல்ல, அதான் உங்க பாசி நல்லாருக்காண்ணே?"

மூன்றாம் நாள் அவர் பாசியும் வெளுத்தது. பொறாமையில் அவள்தான் ஏதோ ஊற்றிவிட்டாள் என்று கரை முழுக்கச் சொன்னார். [இங்கே அவரை வில்லனாக்கப் பார்த்தேன். வரவில்லை. மகளை நர்ஸுக்குப் படிக்கவைத்தது அந்தக் கயிறுகள்தான். யார் மேலாவது பழி போடாமல் அவரால் நிற்க முடியவில்லை.]

ஒரே வாரத்தில் குடா முழுக்க வெள்ளை. மெழுகு மாதிரி எண்ணெய்க் கட்டி காலில் ஒட்டியது.

3

மெசாக் மன்னிப்புக் கேட்டாரா? மூன்று விதமாக எழுதினேன், மூன்றிலும் அழுதார். அடொல்ஃபினா படித்துவிட்டுச் சிரித்தாள்.

"அந்த ஆளா? ஒரு மூட்டை விதைப்பாசிய வாசல்ல போட்டுட்டு, 'எனக்கு அதிகமாப் போச்சு'ன்னாரு. அவ்வளவுதான் டீச்சர்."

(அதற்காக இரண்டு தீவு தாண்டிப் போய் வந்தவர்.)

இரு தோட்டத்துக்கும் நடுவில் இருவரும் சேர்ந்து ஒரே கயிறு கட்டினார்கள். நாலாவது வாரம் வெளுத்தது. மறு வருடமும் கட்டினார்கள். அதற்கடுத்த வருடமும். எதுவும் இருபத்தைந்து நாளைத் தாண்டவில்லை.

4

இந்த வருடக் கயிற்றுக்கு இன்று இருபத்தாறாவது நாள்.

நாற்பத்தைந்தாம் நாள் அறுவடை என்று ஒரு முடிவு எழுதினேன். மறுபடி வெள்ளை என்று இன்னொன்று. இரண்டையும் அடொல்ஃபினாவிடம் நீட்டினேன்.

"ரெண்டும் பொய்யி டீச்சர். இன்னும் நடக்கலியே," என்று படகில் ஏறிப் போய்விட்டாள். மெசாக் ஏற்கெனவே கயிற்றருகேதான் இருந்தார்.

கரையில் நிற்கிறேன். நுனியின் நிறம் இங்கிருந்து தெரியவில்லை. பேச்சு மட்டும் காற்றில் வருகிறது.

"கைய எடு. தொட்டுத் தொட்டே கெடுத்துருவ."

"நீங்க கொஞ்சம் மூச்சு விடாம இருங்கண்ணே."

மதியச் சோளக்கஞ்சி ஆறுகிறது. இருவரும் திரும்புவதாகத் தெரியவில்லை. என்ன பார்க்கிறார்கள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் பேனாவை மூடிவிட்டேன்.